வன்னியில் கோச்சிப் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு

கோச்சியை, அதாவது ரயிலைப் படம் எடுக்கப் போகிறேன், எந்தக் கமரா வாங்கலாம் என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். கையில் இருக்கிற போனே போதும், அதைப் பிறகு பேசலாம். அதற்கு முன்னால் ஒன்று விளங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாங்குளத்திலும் பரந்தனிலும் நாள் முழுக்க வெயிலில் நின்றுவிட்டு, புதுக் கட்டடமும் புதுத் தண்டவாளமும்தான் கிடைத்தது, பழசின் வாசமே இல்லை என்று சலித்துக்கொண்டு திரும்புவீர்கள். மற்ற ஊர்களில் பழைய ரயிலைத் தேடுகிறவர் பழைய ஸ்டேசனுக்குப் போவார். வன்னியில் தண்டவாளம் ஓடுகிற இடம் பழையதுதான், ஆனால் பழைய பாதையின் மிச்சம் அங்கே இல்லை. அது வீட்டு வளவுக்குள் தூணாக நிற்கிறது, வாய்க்காலுக்கு மேலே பாலமாகக் கிடக்கிறது, கனடாவில் யாரோ ஒரு பெரியம்மாவின் அலுமாரிக்குள் அல்பமாக இருக்கிறது.

காரணம் தெரிந்ததுதான். காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே 1902இலேயே வண்டி ஓடியது, வன்னிக் காட்டுக்குள்ளால் பாதை வந்து கொழும்போடு இணைந்தது 1905இல். 1956இல் யாழ்தேவி வண்டி வந்தது. 1990 ஜூனில் எல்லாம் நின்றது. பிறகு வந்த வருடங்களில் தண்டவாளத்தையும் அதற்குக் கீழே குறுக்காகக் கிடந்த சிலிப்பர் கட்டைகளையும் கழற்றிக் காப்பரணுக்கும் பங்கருக்கும் போட்டார்கள், இரண்டு தரப்பும்தான். யுத்தம் முடிந்த பிறகு இந்தியக் கடனில் இர்கொன் நிறுவனம் ஓமந்தைக்கு வடக்கே பாதையைப் புதிதாகவே போட்டது: 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, அதே வருடம் ஒக்டோபரில் யாழ்ப்பாணம், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை. அங்கே நீங்கள் பார்க்கிற கொங்கிரீட் சிலிப்பர், கலர் லைற் சிக்னல், ஸ்டேசன் கட்டடம் எல்லாம் அந்தக் காலத்தவை. கைகாட்டி மரம் வேண்டும், ஸ்டேசன் மாஸ்டர் வளையத்தோடு டப்லெற் (அடுத்த ஸ்டேசன் வரை போகலாம் என்று டிரைவருக்குக் கொடுக்கிற அடையாளத் தட்டு) கொடுக்கிற காட்சி வேண்டும் என்றால் மலையகப் பாதைக்குப் போங்கள், அங்கே இன்னும் உண்டு. இங்கே தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஆகவே இங்கே வேலை இரண்டு. ஒன்று, பழைய பாதை சிதறிப்போன இடங்களுக்குப் போய் எடுப்பது. மற்றது, இப்போது சாதாரணமாகத் தெரிகிற புதிய பாதையை இன்றைக்கே எடுத்து வைப்பது. இரண்டாவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 2013இல் கிளிநொச்சியில் முதன்முதலாகக் கோச்சியைப் பார்த்து வாயைப் பிளந்து நின்ற பிள்ளைகள் இப்போது இளந்தாரிகள். அவர்களுடைய பழைய நினைவு அந்தப் புது ஸ்டேசன்தான், யாழ்தேவியின் 1960கள் அல்ல.

முதலில் சிலிப்பர் கட்டையிலிருந்து தொடங்குவோம், எனக்குப் பிடித்ததும் அதுதான். ஏ9 வீதியை விட்டு உள்ளே போகிற ஒழுங்கைகளில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நடந்தால் படலைத் தூண், கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற மேடை, மாட்டுக் கொட்டிலின் வளை என்று எங்காவது ஒரு கறுத்த பாரமான கட்டை தென்படும். அது சிலிப்பர்தானா என்று தெரிந்துகொள்ள ஆணி ஓட்டைகளைப் பாருங்கள். நம்முடைய பாதை அகலப்பாதை, தண்டவாளங்களுக்கு இடைவெளி 1676 மில்லிமீற்றர், அதாவது ஐந்தரை அடி. கட்டை முழுதாக இருந்தால் இரண்டு அந்தத்திலும் ஓட்டைகள் கூட்டமாக இருக்கும், அந்த இரண்டு கூட்டங்களுக்கும் இடையே ஏறக்குறைய அந்தத் தூரம் வரும். தண்டவாளம் உட்கார்ந்திருந்த இடம் கொஞ்சம் அமுங்கியும் இருக்கும். இந்த ஓட்டையும் அமுங்கலும்தான் படத்தின் உயிர், நடுப்பகலில் எடுத்தால் அவை தெரியவே தெரியாது. காலை ஏழு எட்டு மணிக்கோ பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகோ வெயில் சாய்ந்து விழும்போது, வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து வருகிற மாதிரி நின்று எடுங்கள், ஒவ்வொரு ஓட்டையும் நிழலோடு எழும்பி வரும். கிட்டவாக ஒன்று, அந்தக் கட்டை இருக்கிற வளவு முழுவதும் தெரிய ஒன்று. இரண்டாவது படம் இல்லாவிட்டால் முதலாவது வெறும் பழைய மரத்தின் படம்.

ஆனால் கமராவை வெளியே எடுக்க முன்னம் கேளுங்கள். வளவுக்காரர் பெரும்பாலும் வயதானவராகத்தான் இருப்பார், "ஐயா, இந்தக் கட்டை பழைய ரயில் பாதையின்ரயோ?" என்று கேட்டுப் பேச்சைத் தொடங்கலாம். ஒரு அம்மா என்னிடம் திருப்பிக் கேட்டார், "ஏன் தம்பி, ரயில்வேக்காரர் திருப்பிக் கேட்டு வரப்போறாங்களோ?" அவர் பகிடியாகக் கேட்கவில்லை. மீளக்குடியேறி வந்தபோது பங்கரைக் கிண்டி எடுத்த கட்டையால் கொட்டில் போட்டவர்கள் இவர்கள், சட்டப்படி அது அரசாங்கச் சொத்து என்கிற பயம் மனதில் ஒரு மூலையில் இருக்கும். ஆகவே வீட்டு இலக்கம், படலையில் எழுதிய பெயர், வீதியின் பெயர்ப்பலகை எதுவும் படத்துக்குள் வரக்கூடாது. போனில் இடத்தைப் பதிகிற வசதியை அந்த நேரத்துக்கு நிறுத்தி வையுங்கள். முகத்தை எடுக்க வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள், முதலில் மாட்டேன் என்றவர்கள் பல தடவை தேத்தண்ணி குடித்து முடிக்கையில் தாங்களாகவே கதிரையை இழுத்துப் போட்டு இருப்பார்கள்.

அவர்கள் கதைக்கும்போது போனில் குரலைப் பதிந்துகொள்ளுங்கள், சம்மதத்தோடு. 1990க்கு முன்னம் முறிகண்டியில் என்ன நடக்கும், மெயில் வண்டியில் யார் வருவார்கள், வவுனியாவில் என்ன விற்பார்கள் என்பதையெல்லாம் படத்தால் சொல்ல முடியாது.

அடுத்தது பழைய அல்பங்கள். வன்னியில் இருந்த படங்கள் இடப்பெயர்வுகளில் போய்விட்டன, மிச்சம் இருப்பவை அனேகமாக வெளியில்தான். சொந்தக்காரர்களுக்கு "பழைய ரயில் படம் இருக்கா" என்று பொதுவாகக் கேட்டு அனுப்பினால் ஒன்றும் வராது. கலியாணத்துக்குக் கொழும்புக்குப் போனபோது எடுத்த படம், மடுத் திருவிழாவுக்குப் போன படம், வேலை கிடைத்துப் போகிறவரை வழியனுப்பிய படம் என்று நிகழ்ச்சியைச் சொல்லிக் கேளுங்கள். பின்னால் மங்கலாக ஒரு பெட்டியோ பிளாட்போம் கூரையோ நிற்கும், அதுதான் உங்களுக்கு வேண்டியது.

அங்கே ஸ்கானர் இருந்தால் காகிதப் படத்தை 600 டிபிஐயில், 35 மில்லிமீற்றர் நெகற்றிவ் என்றால் 2400 அல்லது அதற்கு மேல், டிஃப் கோப்பாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பின்பக்கத்தையும் எடுக்கச் சொல்லுங்கள், திகதியும் ஸ்டூடியோ முத்திரையும் அங்கேதான் இருக்கும். ஸ்கானர் இல்லை, போன்தான் என்றால் விறாந்தையில், நேர் வெயில் படாத வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், படத்துக்கு நேர் மேலே போனைச் சமாந்தரமாகப் பிடிக்க வேண்டும். அல்பத்துப் பிளாஸ்ரிக்கில் ஒட்டிப்போன படத்தை இழுத்துக் கழற்றாதீர்கள், நிறம் பிளாஸ்ரிக்கோடு வந்துவிடும், அப்படியே மேலால் எடுத்துவிடுங்கள். எழுபதுகளின் கலர்ப் படங்கள் பல சிவந்து போயிருக்கும். அதைத் திருத்துவதென்றால் பிரதி ஒன்றில் திருத்துங்கள், முதல் ஸ்கான் சிவப்பாகவே இருக்கட்டும்.

திகதி எழுதாத படத்துக்கு இயந்திரம் உதவி செய்யும். எம்2 வகை டீசல் இயந்திரம் நின்றால் படம் 1954க்குப் பிந்தியது, எம்4 என்றால் 1975க்கு, மேற்கு ஜேர்மனியில் இருந்து வந்த எம்6 என்றால் 1979க்கு முந்தியிருக்க வழியில்லை. எம்2 கனடாவில் இருந்து வந்தது, அந்த வகையின் முதல் இயந்திரத்துக்குப் பெயரே ஒன்ராறியோ. அந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்த குடும்பத்தின் பேரப்பிள்ளைகள் இப்போது அதே ஒன்ராறியோவில் இருந்துதான் ஸ்கான் பண்ணி அனுப்புகிறார்கள். இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை.

அப்படி ஒரு பழைய படம் கையில் கிடைத்தால், அது எடுத்த இடத்திலேயே நின்று இன்னொன்று எடுத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் இது சுலபம், கோயில் கோபுரமும் மதிலும் அடையாளம் சொல்லும். வன்னியில் மலை கிடையாது, மரங்கள் எல்லாம் மாறிவிட்டன, ஸ்டேசன் புதிது. பாதையின் வளைவு, குளக்கட்டு, வீதியைப் பாதை வெட்டுகிற கடவை, இவை அவ்வளவாக இடம் மாறவில்லை. இரண்டு பொருட்களைப் பிடியுங்கள், ஒன்று கிட்ட, ஒன்று தூர. பழைய படத்தில் கிட்டத்துப் பொருள் தூரத்துப் பொருளின் எந்தப் பக்கத்தை மறைக்கிறது என்று பார்த்து, அதே மாதிரி மறையும்வரை இடம் வலமாக நகருங்கள். பிறகுதான் முன் பின். அந்தக் காலத்து 35 மில்லிமீற்றர் கமராக்களில் பெரும்பாலும் 40 முதல் 50 மில்லிமீற்றர் லென்ஸ்தான் இருந்தது, போனின் சாதாரண லென்ஸ் அதைவிட மிகவும் அகலம், ஆகவே இரண்டு மடங்கு ஸூமில் வைத்தால்தான் பொருந்தும். புதிய பிளாட்போம் பழையதைவிட உயரமாக இருந்தால் குந்தி இருந்து எடுக்க வேண்டி வரும். சரியான இடம் தண்டவாளத்துக்கு நடுவில்தான் என்று தெரிந்தால் விட்டுவிடுங்கள், இரண்டு அடி பிழைத்தால் குடி முழுகாது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றுக்குள் ஒன்று கரைகிற மாதிரி ஒட்டுவது பார்க்க அழகுதான், ஆனால் எது எங்கே முடிகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. இன்னொன்று, புதுப்படத்துக்குப் பழுப்பு நிற பில்டர் போடாதீர்கள். முப்பது வருடம் கழித்துப் பார்க்கிற ஒருவர் அதை 1950 என்று நினைக்கக்கூடும், அந்தப் பொய் உங்களுடையது.

சரி, ஓடுகிற வண்டிக்கு வருவோம். ஓமந்தையில் இருந்து கிளிநொச்சி வரை பாதை பெரும்பாலும் தெற்கில் இருந்து வடக்காகப் போகிறது. ஆகவே காலையில் கிழக்குப் பக்கத்திலும் பின்னேரம் மேற்குப் பக்கத்திலும் நின்றால் வெயில் உங்கள் முதுகில், வண்டியின் பக்கம் முழுக்க வெளிச்சம். சிக்கல் என்னவென்றால் கொழும்பில் இருந்து காலையில் வெளிக்கிடுகிற வண்டி வன்னிக்குள் வருவது நடுப்பகலை ஒட்டி. சித்திரை வருடப்பிறப்பு நாட்களில் இங்கே சூரியன் நேர் உச்சியில் நிற்கும், பெட்டியின் கூரை பளிச்சென்றும் யன்னல் எல்லாம் கறுப்பாகவும் வரும், தூரத்தில் இருந்து ஸூம் பண்ணினால் கானல் ஆட்டத்தில் எழுத்துக்கூடத் தெளியாது. அந்த நேரத்தில் வெளியே நிற்பதை விட்டுவிட்டு ரிக்கெற் எடுத்து உள்ளே ஏறுங்கள். யன்னல் ஓரத்தில் இருக்கிறவரின் முகத்தில் பக்க வெளிச்சம் விழும், காடு ஓடும், கச்சான் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா நித்திரை கொள்வார், பிளாட்போம் நிழலில் வழியனுப்ப வந்தவர்கள் நிற்பார்கள். உண்மையைச் சொன்னால் இயந்திரத்தின் மூக்கை எடுத்த ஆயிரம் படத்தைவிட இவைதான் பிறகு தேடப்படும்.

வெளியில் எடுப்பதென்றால் மார்கழியும் தையும் நல்லது. சூரியன் தெற்கே சரிந்து நிற்கும், மழை தூசியைக் கழுவியிருக்கும், பெரும்போக நெல் பச்சையாக இருக்கும். மாசி பங்குனியில் அதே வயலில் அரிவு வெட்டு, வைக்கோல் நிறம். ஒரே கடவையில் நின்று இந்த இரண்டு காலத்தையும் எடுத்து வையுங்கள்.

ஆனையிறவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், எல்லாரும் போகிற இடமும் அதுதான். வீதியும் பாதையும் பக்கம் பக்கமாக நீரேரியைக் கடக்கின்றன, மறைக்க மரம் இல்லை, வானம் முழுவதும் உங்களுக்கு. மழைக்குப் பிறகு தண்ணீர் அசையாமல் கிடக்கிற காலை என்றால் வண்டி தலைகீழாகவும் ஓடும். வறண்ட காலத்தில் தரை வெள்ளையாக இருக்கும், கமரா அதைக் கண்டு ஏமாந்து படத்தை இருட்டாக்கிவிடும், வெளிச்ச அளவை +0.7 போலக் கூட்டி வையுங்கள். மாங்குளம் பக்கத்துக் காட்டுக்குள் இதற்கு நேர்மாறு, கருங்காட்டைப் பார்த்து வண்டியை வெளிறடித்துவிடும், அங்கே குறைக்க வேண்டும். உப்புக் காற்று லென்ஸில் படியும், துடைக்கத் துணி கொண்டு போங்கள், சட்டை நுனியால் துடைக்காதீர்கள்.

எண்கள் கேட்பவர்களுக்கு: நேரே வருகிற வண்டிக்கு ஷட்டர் 1/1000 செக்கன், குறைந்தது 1/500. பக்கவாட்டில் போகிற வண்டியோடு சேர்ந்து கமராவைத் திருப்பிக்கொண்டே 1/60 அல்லது 1/30இல் எடுத்தால் பின்புலம் கோடாக இழுபட்டு வண்டி மட்டும் தெளிவாக நிற்கும், ஆனையிறவு அதற்கென்றே செய்த இடம், பழக நாளெடுக்கும். போனில் என்றால் வண்டி வர முன்னமே அது வரப்போகிற இடத்தில் விரலை அழுத்திப் பிடித்துத் தெளிவையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் முன் விளக்கைக் கண்டவுடன் போன் எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். பிறகு தொடர்ச்சியாக அடித்துத் தள்ளி, வீட்டுக்குப் போய் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் மட்டும் வேண்டாம், கடைசிப் பெட்டியும் அதற்குப் பின்னால் தெருவைக் கடக்கிற சைக்கிள்காரரும் வேண்டும்.

இனிப் பாதுகாப்பு, இதைத் தாண்டிப் போகாதீர்கள். பாதையில் நடப்பதே குற்றம். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு செக்கனில் கிட்டத்தட்ட 28 மீற்றர் தாண்டும், 300 மீற்றர் தள்ளி நிற்கிறதே என்று நீங்கள் நினைக்கிற வண்டி பதினொரு செக்கனுக்குள் உங்களிடம். பழைய பாதையின் தடக் தடக் சத்தமும் இல்லை, புதுத் தண்டவாளத்தில் வண்டி வழுக்கிக்கொண்டு வரும், தென்மேற்கில் இருந்து சோழகம் வீசுகிற மாதங்களில் வடக்கே இருந்து வருகிற வண்டியின் சத்தம் காதில் விழ மிகவும் பிந்தும். வடக்கில் பாதுகாப்பற்ற கடவைகளில் எத்தனை குடும்பங்கள் ஆட்களை இழந்தன என்பது இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடவையில் நின்று எடுக்கிறீர்கள் என்றால் கமராவுக்குள் பார்க்காத இன்னொருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதை ஓரத்துப் பற்றைக்குள் இறங்க வேண்டாம். சிவப்பு மண்டையோட்டுப் பலகை இருந்தால் கேள்வியே இல்லை, இல்லாவிட்டாலும் ஆட்கள் நடந்து தேய்ந்த பாதையை விட்டு விலகாதீர்கள், முகமாலைப் பக்கத்தில் மிதிவெடி அகற்றுகிற வேலை எவ்வளவு காலமாக நடக்கிறது என்று தெரியும்தானே. புளியங்குளம் மாங்குளம் காடுகளில் விடியப்புறமும் மம்மலிலும் ஆனை. இராணுவ முகாம், காவலரண் பக்கம் கமராவைத் திருப்பவே கூடாது, யாராவது வந்து கேட்டால் எடுத்ததைக் காட்டிவிடுங்கள், வாக்குவாதம் வேண்டாம். ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் இருக்கின்றன, அனுமதி இல்லாமல் ஆசைப்படாதீர்கள். ஸ்டேசனுக்குள் எடுப்பதென்றால் முதலில் ஸ்டேசன் மாஸ்டரிடம் போய்ச் சொல்லுங்கள். பேப்பரில் அனுமதி கேட்பவரும் உண்டு, எடு தம்பி என்று தானே கதவடியில் வந்து நிற்பவரும் உண்டு.

இப்போது மாறிக்கொண்டு இருப்பவற்றுக்கு ஒரு கண் வையுங்கள். அனுராதபுரத்துக்கும் ஓமந்தைக்கும் இடையே 2023இல் மாதக்கணக்கில் சேவையை நிறுத்திப் பாதையைப் புதுப்பித்தார்கள். அதற்கு முன்னம் வவுனியாவுக்கும் ஈரப்பெரியகுளத்துக்கும் இடையே பாதை எப்படி இருந்தது என்று படம் வைத்திருப்பவர்களைத் தேடிப் பாருங்கள், விளங்கும். மூன்று மொழிப் பெயர்ப்பலகை, காகித ரிக்கெற், காவலாளி கையால் இழுத்து மூடுகிற கேற், ஸ்டேசன் வாசலில் நிற்கிற ஓட்டோக்கள், வடை விற்கிறவரின் கூடை, சென்னையில் கட்டி வந்த எஸ்13 ரயில் தொகுதியின் உள்பக்கம், இவை எல்லாம் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். மதவாச்சியில் இருந்து தலைமன்னாருக்குப் பிரிகிற பாதையில் செட்டிகுளமும் வன்னிதான், கூட்டம் குறைவு, மடு வீதி ஸ்டேசனில் திருவிழாக் காலத்தில் ஆட்கள் இறங்குவதை யாராவது ஒழுங்காக எடுத்து வைக்க வேண்டும்.

கடைசி வேலை சலிப்பான வேலை. எடுத்த அன்றைக்கே இடம், திகதி, எந்தத் திசையைப் பார்த்து நின்றது, வண்டியின் பெயர், படத்தில் இருப்பவர் சம்மதம் தந்தாரா என்பதைக் கோப்போடு எழுதிவிடுங்கள். கோப்புக்கு 2025-01-14-பரந்தன்-வடக்குநோக்கி என்கிற மாதிரிப் பெயர் வைத்தால் தேட லேசு. காகிதப் படம் என்றால் பின்னால் மென்மையான பென்சிலால், பேனை வேண்டாம், மை ஊறும். இரண்டு பிரதி இரண்டு இடத்தில், ஒன்று வேறு வீட்டில் அல்லது வேறு நாட்டில், அல்பம் தொலைத்த ஊர்க்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வட்சப்பில் அனுப்பினால் படம் சுருங்கும், ஆவணக் கோப்பாக அனுப்புங்கள். நூலக நிறுவனம் தன் ஆவணகத்தில் ஈழத்துப் படங்களையும் குரல்களையும் சேர்த்து வைக்கிறது, பிரதி ஒன்றை அங்கே கொடுக்கலாம், படத்துக்குச் சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டு. ஸ்கான் பண்ண வாங்கின படங்களை அந்தக் கிழமைக்குள்ளேயே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுங்கள், போகும்போது பெரிதாக்கி அடித்த பிரதி ஒன்றும் கொண்டு போனால் அடுத்த அல்பம் தானாக வெளியே வரும்.